மான்டிசெல்லோ: ஆசாரி அப்பாவோடு ஒரு மலைவீட்டில்

அமெரிக்கா வந்த இரண்டு மாதத்தில், எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "இத செஞ்ச ஆசாரி யாரு?" வாஷிங்டனில் பெரிய பெரிய தூண்களுக்கு நடுவே நின்று கேட்டார். பழைய தேவாலயம் ஒன்றில் பெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டார். கட்டச் சொன்னவர் பெயர் கல்லில் இருக்கும், வரைந்து கொடுத்தவர் பெயர் பலகையில் இருக்கும். உளி பிடித்தவர் பெயரை எங்கேயும் என்னால் தேடிக் கொடுக்க முடியவில்லை. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியா மாநிலத்தில் தனக்காகக் கட்டிய மான்டிசெல்லோ வீட்டில்தான் முதல்முறையாக அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த இடத்தைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

அப்பா காரைக்குடிப் பக்கத்து ஆசாரி. தாய்மாமனிடம் தொழில் கற்றவர். முதல் பாதி வாழ்க்கையில் நிலையும் கதவும் செய்தார். பின்பாதியில் அவரைக் கூப்பிட்டதெல்லாம் பெரும்பாலும் பழைய வீடுகளைப் பிரிக்கத்தான். பங்காளிகளுக்குள் பாகம் முடிந்து, வீட்டை இடிப்பது என்று முடிவானதும் சுவரிலிருந்து பர்மா தேக்கு நிலையைச் சேதமில்லாமல் பெயர்த்து எடுக்க ஆள் வேண்டுமே. அது பழம்பொருள் கடைக்குப் போகும், அங்கிருந்து எங்கோ ஓர் ஓட்டலுக்குப் போகும். அந்த வேலை முடிந்து வந்த இரவுகளில் அப்பா சரியாகச் சாப்பிட மாட்டார். அதனால், ஒரு பழைய வீட்டை அதே இடத்தில், அதே மரத்தோடு நூறு வருஷமாகக் காப்பாற்றி வரும் இடம் ஒன்று இருக்கிறது என்றதும் உடனே கிளம்பிவிட்டார்.

நாங்கள் இருப்பது ரிச்மண்ட் பக்கம். அங்கிருந்து சார்லட்ஸ்வில் ஊருக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கீழே வண்டியை நிறுத்திவிட்டு, டிக்கெட்டைக் காட்டி, அவர்களுடைய சிறு பேருந்தில் மேலே போக வேண்டும். வீட்டைச் சுற்றிக் காட்டும் டிக்கெட் ஒரு ஆளுக்கு 40 டாலருக்கு மேல். நேரம் குறித்த டிக்கெட் என்பதால் முன்பே இணையத்தில் எடுத்துவிடுவது நல்லது. நான் காலை முதல் சுற்றுகளில் ஒன்றை எடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட்டோம்.

மான்டிசெல்லோ என்றால் இத்தாலிய மொழியில் சின்ன மலை. உயரம் கடல் மட்டத்திலிருந்து 867 அடிதான். ஆனால் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் புளூ ரிட்ஜ் மலைத்தொடர் நீல நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிகிறது, இன்னொரு பக்கம் ஊர். தாமஸ் ஜெஃபர்சன் 25 வயதில், 1768இல், இந்த உச்சியைச் சமதளமாக்கத் தொடங்கினார். தண்ணீர் பக்கத்தில் இல்லை, பாதை இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஆற்றோரம்தான் கட்டியிருப்பார்கள். அவருக்கு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் புத்தகம் கையில் இருந்தது, மலைமேல் வீடு என்ற ஆசையும் இருந்தது. 1772இல் மனைவியை அழைத்து வந்தபோது குடியிருக்கத் தயாராக இருந்தது தெற்குப் பக்கத்து ஒற்றை அறைக் கட்டடம் மட்டும்தான். பத்து வருஷத்தில் அந்த அம்மா இறந்துபோனார். ஜெஃபர்சன் தூதராகப் பாரிஸ் போய், அங்கே கட்டிக்கொண்டிருந்த குவிமாட மாளிகை ஒன்றில் மனதைப் பறிகொடுத்துத் திரும்பினார். 1796இல் முதல் வீட்டின் மேல்பகுதியை இடித்துவிட்டு மறுபடி தொடங்கியவர், 1809 வரைக்கும் கட்டினார். நடுவில் இரண்டு முறை நாட்டின் அதிபராகவும் இருந்தார். இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது வீடு.

முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே தளம் போலத்தான் தெரியும். அப்பா சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இல்ல ஆத்தா, மேல ஆளு இருக்க இடம் இருக்கு. ஜன்னலப் பாரு" என்றார். மேல்தளத்து ஜன்னல்களை அந்த அறைகளின் தரையை ஒட்டி வைத்து, கீழ்த்தளத்து ஜன்னலோடு சேர்த்து ஒரே நீள ஜன்னல் போலக் காட்டியிருக்கிறார்கள். அதற்கும் மேலே உள்ள தளத்துக்கு வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக வருகிறது. வழிகாட்டி அம்மா அதை விளக்குவதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், அந்த அம்மா அதற்குப் பிறகு ஒவ்வோர் அறையிலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

முன்கூடத்தில் எல்லோரும் பார்ப்பது வாசலுக்கு மேலே இருக்கும் பெரிய கடிகாரத்தை. பீரங்கிக் குண்டு போன்ற எடைகள் கயிற்றில் இறங்க இறங்க, சுவரில் எழுதியிருக்கும் கிழமைகளைக் காட்டும். கயிற்றின் நீளத்துக்கு அறையின் உயரம் போதாததால் தரையில் துளை போட்டு எடையைக் கீழே இறக்கிவிட்டார்கள். அதனால் சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது. அதே கடிகாரம் வெளியிலும் ஒரு முகம் காட்டுகிறது, அதில் மணி முள் மட்டும்தான். நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு அது போதும் என்று நினைத்திருக்கிறார்.

அப்பாவுக்குக் கடிகாரத்தில் மனம் போகவில்லை. அவர் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகோகனி மரம் என்று நினைத்துக் குனிந்தவர், "இது அந்த மரமில்ல, ரேகை எழுதியிருக்கான்" என்று மெதுவாகச் சொன்னார். கேட்டதில், உண்மைதான். பைன் மரக் கதவுகளின் மேல் மகோகனி போல வண்ணத்தில் ரேகை எழுதுவது அந்தக் காலத்து வேலைப்பாடு. அதையும் பழையபடி மீட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்து வரவேற்பறைக்குப் போகும் இரட்டைக் கண்ணாடிக் கதவு. ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று தானாகத் திறக்கும். தரைக்கு அடியில் சங்கிலி போட்டு இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். அந்த அறையின் தரை செர்ரி மரச் சதுரங்கள், சுற்றிலும் பீச் மரச் சட்டம். அப்பா முட்டி வலியை மறந்து உட்கார்ந்து பார்த்தார். இணைப்புகளில் நகம் நுழையாது. அங்கே வைத்துத்தான் வழக்கமான கேள்வி வந்தது. நான் கூச்சத்தோடு மொழிபெயர்த்தேன்.

வழிகாட்டி அம்மா யோசிக்கவே இல்லை. ஜேம்ஸ் டின்ஸ்மோர், அயர்லாந்திலிருந்து வந்த தச்சர், கூலிக்கு வேலை பார்த்தவர். அவரிடம் உதவியாளாக இருந்து தொழில் கற்றவர் ஜான் ஹெமிங்ஸ், ஜெஃபர்சனின் அடிமை. டின்ஸ்மோர் போன பிறகு பட்டறை ஹெமிங்ஸின் பொறுப்பு. அப்பா அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "ஜான் ஹெமிங்ஸ்." அப்புறம், "அவருக்குக் கூலி?" என்றார். பிற்காலத்தில் வருஷத்துக்கு 20 டாலர் வரை அன்பளிப்பு என்று கொடுத்திருக்கிறார்கள். சுதந்திரமான தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் அது. மீதிப் பதினோரு மாதத்தைப் பற்றி அப்பா எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் கண் கூசும் அளவுக்கு மஞ்சள். பல பத்தாண்டுகளாக அது வெளிர் நீலமாக இருந்ததாம். சுவரின் பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்ததில், ஜெஃபர்சனின் கடைசிக் காலத்தில் அங்கே குரோம் மஞ்சள் இருந்தது தெரியவந்து, 2010இல் மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு அது புதிதாக வந்த, விலை கூடிய வண்ணம். பழைய வீடு என்றால் மங்கலாக இருக்க வேண்டும் என்று நமக்கு ஒரு நினைப்பு. காரைக்குடி வீடுகளிலும் அப்படித்தான், பெரியவர்கள் பார்த்த அடர்நிறங்கள் சுண்ணாம்புக்கு அடியில் கிடக்கின்றன. அழகாக இருக்கிறது என்பதற்காக நீலத்தை வைத்துக்கொள்ளாமல், உண்மை எதுவோ அதைப் பூசியது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த அறையில் என்னை நிறுத்தியது வண்ணம் இல்லை. கணப்பின் இரு பக்கமும் சிறு கதவுகள். திறந்தால் உள்ளே கப்பி வைத்த பெட்டி. கீழே நிலவறையிலிருந்து ஒருவர் மது பாட்டிலை வைத்து ஏற்றிவிடுவார். இன்னொரு பக்கம், பின்புறம் தட்டுகள் பொருத்திய சுழல் கதவு. சமைத்ததை வெளியே அடுக்கிக் கதவைச் சுற்றினால் பாத்திரங்கள் உள்ளே வந்துவிடும், கொண்டுவந்த ஆள் உள்ளே வர வேண்டியதில்லை. சமையலறை, புகைபோட்டு இறைச்சி பதப்படுத்தும் அறை, குதிரைலாயம் எல்லாம் வீட்டின் இரு பக்கமும் மலைச்சரிவுக்குள் தாழ்த்தி, மேலே நடைமேடை போட்டு மூடியிருக்கின்றன. புல்வெளியில் நிற்பவர் கண்ணுக்கு மலையும் வானமும்தான் தெரியும். ஒரே நேரத்தில் ஏறக்குறைய 130 அடிமைகள் இந்த மலையையும் சுற்றியிருந்த பண்ணைகளையும் தாங்கியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் கணக்கிட்டால் அவர் உடைமையாக வைத்திருந்தவர்கள் 600 பேருக்கு மேல். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய கை, இவர்கள் கண்ணில் படாமல் இருப்பதற்காக இத்தனை நுணுக்கமாக வரைந்திருக்கிறது. வீட்டின் அழகில் ஒரு பகுதியே இந்த மறைப்பு என்று புரிந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த வீட்டின் மீட்பு வேலையை நான் அந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். 1826 ஜூலை 4 அன்று, தன் படிப்பறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே சுவருக்குள் அமைத்த கட்டிலில் ஜெஃபர்சன் இறந்தார். கடன் 1 லட்சம் டாலருக்கு மேல். அடுத்த ஜனவரியில் இந்த மலைமேலேயே ஏலம் போட்டார்கள், நாற்காலி மேசைகளோடு 130 பேரையும் சேர்த்து. கொல்லர் ஜோசப் ஃபாஸெட்டுக்கு உயிலில் விடுதலை கிடைத்தது. அவர் மனைவி ஈடித், அந்த வீட்டுச் சமையலில் பெயர் பெற்றவர், ஏலத்தில் போனார். பிள்ளைகளும் போனார்கள். மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது. அந்தப் பையன் பிற்காலத்தில் விடுதலை பெற்று, சின்சினாட்டியில் மதபோதகராகி, 1900இல் முதியவராக இந்த வீட்டு வாசலுக்கு விருந்தினராக வந்திருக்கிறார்.

வீடு 1831இல், பட்டுப்புழு வளர்க்க நினைத்த ஒரு மருந்து வியாபாரியிடம் போனது. 1834இல் அதை வாங்க முன்வந்தவர் யூரையா லெவி, அமெரிக்கக் கடற்படையின் யூத அதிகாரி. மத சுதந்திரத்துக்காக ஜெஃபர்சன் செய்ததற்கு நன்றியாக, சிதைந்துகொண்டிருந்த வீட்டைச் செப்பனிட்டார். அவர் 1862இல் இறந்த பிறகு உயில் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அந்தச் சமயத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் நிலவறையில் மாடு கட்டினார், வரவேற்பறையில் தானியம் கொட்டிவைத்தார். நான் நகம் நுழையாது என்று சொன்னேனே, அந்தத் தரையில். பிறகு லெவியின் அண்ணன் தம்பி வழி வாரிசு, ஜெஃபர்சன் என்றே பெயர் வைக்கப்பட்டவர், 1879இல் மற்றப் பங்குகளை வாங்கி மறுபடி தூக்கி நிறுத்தினார். 1923இல் புதிதாகத் தொடங்கிய அறக்கட்டளைக்கு 5 லட்சம் டாலருக்கு விற்றார். இந்த வீடு இன்று நிற்பதற்கு இந்தக் குடும்பம்தான் காரணம். யூரையாவின் தாய் ரேச்சலின் கல்லறை, வீட்டுக்குப் பக்கத்தில் வேலைக்கூடங்கள் இருந்த மல்பெரி வரிசை என்ற பாதையிலேயே இருக்கிறது. அங்கே ஒரு நிமிடமாவது நில்லுங்கள்.

அறக்கட்டளை வந்த பிறகு ஃபிஸ்க் கிம்பல் என்ற கட்டடக்கலை வரலாற்றறிஞர் முதல்கட்ட மீட்பை வழிநடத்தினார். 1950களில் தரையைப் பிரித்து, தளர்ந்த மர உத்திரங்களுக்குத் துணையாக இரும்பு உத்திரம் கொடுத்தார்கள். வெளியே தெரியாது. அப்பா இதை ஒத்துக்கொண்டார். "பாரம் தாங்காத உத்திரத்துக்கு வேற வழியில்ல. மேல பழைய பலகையவே போட்டானா? போட்டான்ல, சரி." 1987இல் இந்த வீடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது.

என்னைப் பொறுத்தவரை பெரிய மீட்பு அதற்குப் பிறகு நடந்ததுதான். வீட்டிலிருந்து தெற்குப் பக்கம் நீளும் கட்டடச் சிறகில், மண்மட்டத்தில் ஒரு அறை. 14 அடி 8 அங்குலம் அகலம், 13 அடி 1 அங்குலம் நீளம். சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்தது அங்கேதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜெஃபர்சனின் அடிமை, அவருடைய குழந்தைகளுக்குத் தாய். 1941இல் அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கழிப்பறையாக்கிவிட்டார்கள். பிறகு அதைப் பெயர்த்து எடுத்துத் தோண்டியபோது பழைய செங்கல் கணப்பும் தரையும் கிடைத்தன. 2018இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சாலியின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் இல்லாத முகத்தைக் கற்பனையாக வரையாமல், சுவரில் ஒரு நிழலுருவத்தை மட்டும் ஒளியில் காட்டுகிறார்கள். மகன் மேடிசன் 1873இல் சொன்ன நினைவுகள் எழுத்தாக வருகின்றன. அறையில் பத்துப் பேர் இருந்தோம், யாரும் பேசவில்லை.

ஜான் ஹெமிங்ஸ் இந்தச் சாலியின் தம்பி. மேடிசனும் அவர் சகோதரர்களும் தச்சு வேலை கற்றது அவரிடம். நான் இதைச் சொன்னதும் அப்பா, "தாய்மாமன்கிட்டயா?" என்று நின்றுவிட்டார்.

அங்கிருந்து மல்பெரி வரிசை சில அடிகள்தான். வேலைக்கூடங்களும் குடிசைகளும் இருந்த பாதை. 10 வயதிலிருந்தே பையன்கள் ஆணி அடித்த பட்டறை இங்கேதான். எல்லாம் மறைந்துபோயிருந்தன. 1796இல் காப்பீட்டுக்காக ஜெஃபர்சன் வரைந்து கொடுத்த படம், அப்புறம் அகழாய்வு, இவற்றைக் கொண்டு சிலவற்றை மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஹெமிங்ஸும் மனைவி பிரிசில்லாவும் வாழ்ந்தது போன்ற மரக்குடிசையும் அதில் ஒன்று. தச்சுப்பட்டறையை மறுபடி கட்டவில்லை. அதன் புகைபோக்கி மட்டும் பழையதாகவே நிற்கிறது. அப்பா அதிக நேரம் நின்றது அந்தப் புகைபோக்கிக்குப் பக்கத்தில்.

அடிமைகளைப் பற்றிய நடைச்சுற்று டிக்கெட்டிலேயே அடக்கம். அதைத் தவறவிடாதீர்கள். முடிந்தால் வீட்டுக்குள் போவதற்கு முன்பே அதில் சேர்ந்துவிடுங்கள். அங்கேதான் மேசைக் கதையைக் கேட்டோம். 1825இல் ஜெஃபர்சனின் பேத்தி எலன் திருமணமாகி பாஸ்டனுக்குப் போகிறார். ஜான் ஹெமிங்ஸ் சீராக ஒரு எழுதுமேசை செய்கிறார், கண்பார்வை மங்கி வந்த வயதில். அது ஏற்றிப் போன கப்பல் மூழ்கிவிட்டது. செய்தி வந்து அவர் உடைந்துபோனதை ஜெஃபர்சன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்னொன்று செய்ய அவருக்குப் பார்வை இடம் கொடுக்கவில்லை. அதற்கு ஈடாக ஜெஃபர்சன் அனுப்பியது, சுதந்திரப் பிரகடனத்தை எழுதப் பயன்படுத்திய தன் மேசையை. அடுத்த வருஷம் ஜெஃபர்சனின் சவப்பெட்டியைச் செய்ததும் ஜான் ஹெமிங்ஸ்தான். உயிலில் அவருக்கு விடுதலையும் பட்டறைக் கருவிகளும் கிடைத்தன.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில விஷயம். உள்ளே சுற்றிக்காட்டும் நேரம் முக்கால் மணி அளவுதான், அதனால் பார்க்க நினைப்பதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி 2 அடி அகலம், செங்குத்து. மேல்தளமும் குவிமாட அறையும் பார்க்கத் தனி டிக்கெட் வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு அது வேண்டாம். தரைத்தளமும் சிறகுகளும் மல்பெரி வரிசையுமே எங்களுக்கு நாலு மணி நேரம் பிடித்தது. சரளைக்கல் பாதை, நல்ல செருப்பு அவசியம். 1,000 அடி நீளக் காய்கறித் தோட்டத்தில் வெண்டை, கத்திரி, எள் எல்லாம் ஜெஃபர்சன் பயிரிட்டவை என்றதும் அப்பா முகம் மலர்ந்தது. திரும்பும்போது பேருந்துக்குப் பதிலாகக் காட்டுவழியில் நடந்து இறங்கினால் கல்லறையைப் பார்க்கலாம். ஜெஃபர்சன் தன் கல்லில் எழுதச் சொன்ன மூன்று சாதனைகளில் அதிபர் பதவி இல்லை.

காரில் வெகுநேரம் அப்பா பேசவில்லை. நெடுஞ்சாலை ஏறிய பிறகு, "நானும் எழுதி வைப்பேன்" என்றார். நிலையைச் சுவரில் பதிக்கும் முன், சுவருக்குள் போகும் பக்கத்தில் பென்சிலால் தன் பெயரையும் தேதியையும் எழுதுவாராம். பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. மாமா சொல்லிக் கொடுத்த பழக்கம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாராம், சில நிலைகளில் யாரோ எழுதியிருந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு, எத்தனை நிலை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் நாளில் 14 வீடு வந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி, மற்ற ஆசாரிகளின் பெயர் பார்த்த வீடுகளைத் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.